ஒன்றுக்கு முப்பத்தொன்பது

1. முதல் வகுப்பு

இப்போது நர்சிங் கற்பிக்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், நான் நடத்தியதிலேயே சிறந்த வகுப்பு எது என்று கேட்கிறார்கள். அது எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது கார்பாலிக் லோஷன் பாடம்தான். அந்தப் பாடத்தில் நான் ஒரு வார்த்தைகூடத் தவறாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு மனிதருக்கு இரண்டு விரல்கள் போயின. அது எப்படி என்று எழுதிப் பார்க்கிறேன்.

நான் ஏரலில் பிறந்தவள். பதினேழு வயதில் விதவையானேன். அப்பா ஊர்ப் பேச்சைக் காதில் வாங்காமல் என்னைச் சென்னைக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். அதை முடித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, இருபத்தாறாவது வயதில் தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளிக்கு சிஸ்டர் டியூட்டராக, அதாவது பாடம் நடத்துகிறவளாக, வந்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நர்ஸுகளில் பாதிப்பேர் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டார்கள். அதனால் ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆயாக்களுக்கும் கட்டுப் போடும் டிரெஸ்ஸர்களுக்கும் ஆறு மாதம் பாடம் நடத்தி, பரீட்சை வைத்து, நர்சிங் உதவியாளர் என்று சர்டிபிகேட் கொடுக்க ஒரு புது வகுப்பு ஆரம்பித்தார்கள். அதைத்தான் என்னிடம் ஒப்படைத்தார்கள். மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை வகுப்பு. அது முடிந்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பவேண்டும்.

முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். நான் உள்ளே நுழைந்ததும் முன் வரிசையிலிருந்த ஓர் அம்மாள் எழுந்து கைகூப்பி, "தோத்திரம் சிஸ்டர்" என்றார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள்.

நான் கன்னியாஸ்திரி இல்லை என்றேன்.

"அப்பம் ஏன் சிஸ்டருங்காவ?"

ஆஸ்பத்திரியில் அது ஒரு பதவியின் பெயர் என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நீங்க எந்தக் கோயிலு?"

"ஏரல்ல அம்மன் கோயிலு."

"சரி, சிஸ்டரம்மா" என்று சொல்லி உட்கார்ந்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் சிஸ்டரம்மாதான்.

அவர் பெயர் சூசையம்மாள். நாற்பத்து மூன்று வயது. ஆண்கள் சர்ஜிகல் வார்டில் பதினைந்து வருடமாக ஆயா. கணவர் சங்கு குளிக்கிறவராக இருந்து, காது இரண்டும் பழுதாகி, கடலுக்குப் போவதை விட்டவர். வீட்டில் சம்பாதிப்பது இந்த அம்மாள் மட்டும்தான். தமிழ் வாசிப்பார், இங்கிலீஷ் தெரியாது. அவருடைய விரல் நுனிகள் வெளுத்து, தோல் உரிந்து, வெடிப்பு வெடிப்பாக இருந்தன. வீட்டில் கருவாட்டு வேலை செய்வாராக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

கை கழுவும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் இடையில் புகுந்து, "சிஸ்டரம்மா, எங்க வார்டுல இப்பிடிச் செய்யதில்ல" என்றார்.

"வார்டுல செய்யுறது வார்டோட இருக்கட்டும். இங்க புத்தகம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க" என்றேன்.

அதன் பிறகு யாரும் இடையில் பேசவில்லை. வயதானவர்கள் இருக்கிற வகுப்பை முதல் நாளே கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்ற திருப்தியோடு விடுதிக்குப் போனேன்.

2. லோஷன் பாடம்

மூன்றாவது வாரம் பாடம், கிருமி கொல்லும் கார்பாலிக் லோஷன். அந்தக் காலத்தில் வார்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். கொதிக்க வைத்த ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கி, கத்திரி எல்லாம் 'ஒன் இன் ட்வென்டி' லோஷனில் கிடக்கும். ஒரு நோயாளிக்குக் கட்டுப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போகுமுன் கையை 'ஒன் இன் ஃபார்ட்டி' லோஷனில் முக்கி எடுக்கவேண்டும். ஒருவர் புண்ணிலிருக்கும் சீழ் அடுத்தவருக்குப் போகாமல் தடுப்பது அந்த லோஷன்தான்.

கரும்பலகையில் 1-20, 1-40 என்று எழுதி, எது பலமான லோஷன் என்று கேட்டேன். பதினோரு பேரும் நாற்பது என்றார்கள். பெரிய எண் அல்லவா.

ஒரு மணி நேரம் போராடினேன். கடைசியில் உப்பளத்து முதலுதவி அறையில் வேலை பார்த்த ஆறுமுகம் என்பவர்தான் வழி காட்டினார். "ஒரு படி உப்ப இருபது படித் தண்ணியில போட்டா கரிக்கும். நாப்பது படியில போட்டா அவ்வளவு கரிக்காது. அதானம்மா சொல்லுதிய?" என்றார். அதேதான் என்றேன். வகுப்பு முழுவதும் தலையாட்டியது.

பிறகு கலக்கும் முறையை எழுதிப் போட்டேன். ஒன் இன் ட்வென்டிக்கு ஒரு பங்கு மருந்து, பத்தொன்பது பங்கு தண்ணீர். ஒன் இன் ஃபார்ட்டிக்கு ஒரு பங்கு மருந்து, முப்பத்தொன்பது பங்கு தண்ணீர். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். சூசையம்மாள் மட்டும் நோட்டைக் கொண்டுவந்து, "சரியாப் பாருங்கம்மா, நாளைக்கே இப்பிடித்தான் கலக்கணும்" என்றார். எண்ணும் எழுத்தும் சரியாக இருந்தன. சிவப்பு மையில் ஒரு சரிக்குறி போட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மதியம் அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வெடிப்பெல்லாம் மூடி, தோல் மழமழவென்று இருந்தது.

"பதினஞ்சு வருசமா உரிஞ்சுக்கிட்டுக் கெடந்த கையி, சிஸ்டரம்மா. உங்க பாடத்துலதான் தேறிட்டு. எங்க வீட்டுல அவுக கேக்காவ, என்னளா மருந்து போட்டேன்னு."

எனக்கு ரொம்பச் சந்தோஷம். அந்த மாத ரிப்போர்ட்டில், மாணவர்கள் தங்கள் கைச் சுத்தத்தில் நல்ல முன்னேற்றம் காட்டுகிறார்கள் என்று எழுதினேன்.

3. ஆறாத புண்கள்

ஆண்கள் சர்ஜிகல் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். நான்காவது கட்டிலில் மிக்கேல் என்று ஒரு தோணிக்காரர் இருந்தார். கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள்தான் சரக்கை இறக்கிக் கொண்டுவரும். அப்படிக் கப்பலிலிருந்து சரக்கை இறக்கும்போது அலையில் தோணி மேலே எழும்பி, கப்பலின் பக்கத்துக்கும் தோணியின் விளிம்புக்கும் நடுவில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் நசுங்கியிருந்தன. முதல் வாரம் புண் நன்றாக இருந்தது. விரல்களைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டரும் சொன்னார்.

இரண்டாவது வாரம் அந்தப் புண் சீழ் வைத்தது. அதே வாரம் ஏழாவது கட்டிலில் ஹெர்னியா ஆபரேஷன் செய்தவரின் தையல் சிவந்தது. பிறகு இரண்டாவது கட்டில், பிறகு ஒன்பதாவது. வார்டில் ஒரு வாடை நிலைத்துவிட்டது. ஒரே கூடத்தில் இத்தனை புண்கள் ஏன் ஒன்றாகக் கெடுகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை.

பெரிய டாக்டர் முதலில் பஞ்சைச் சந்தேகப்பட்டார். யுத்த காலத்துப் பஞ்சு மட்டம் என்று கட்டுக்கட்டாக எரிக்கச் சொன்னார். பிறகு தண்ணீரைச் சந்தேகப்பட்டார். பிறகு ஈக்களை. சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். புண்கள் அப்படியே இருந்தன.

அப்போது மிக்கேலின் மனைவி செசிலி, கோயிலில் அந்தோணியார் விளக்கிலிருந்து ஒரு சின்னப் போத்தலில் எண்ணெய் கொண்டுவந்து கணவருடைய கையில் தடவுவதை ஒரு நர்ஸ் பார்த்துவிட்டாள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணை வார்டுக்குள் விடவேண்டாம், நீங்களே சொல்லுங்கள் என்றார்.

எனக்கும் அப்போது அதுதான் காரணம் என்று பட்டது. ஏதோ ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. செசிலியை வாசலில் நிறுத்திக் கடுமையாகவே பேசினேன். "உங்க எண்ணெய்யாலதான் கை கெட்டுப் போச்சு. இனி உள்ள வரக்கூடாது" என்றேன். வராந்தாவில் ஆட்கள் இருந்தார்கள், எல்லோர் காதிலும் விழுந்தது. அவர் எண்ணெய்ப் போத்தலை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அன்றிலிருந்து தினமும் வந்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போவார்.

எண்ணெய் நின்று ஒரு வாரமாகியும் புண்கள் ஆறவில்லை. மிக்கேலுக்குக் காய்ச்சல் ஏறியது. கை முழுவதும் போய்விடும் என்று பயந்து, டாக்டர் அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் என்னிடம் சொன்னார். "சிஸ்டர், எனக்கு ஒண்ணும் புரியல. நாளைக்குக் காலையில நீங்க டிரெஸ்ஸிங் ரவுண்டுல, கட்டு மாத்தும்போது, கூடவே நில்லுங்க. ஏதாவது கண்ணுல படுதா பாருங்க."

4. நீலப் போத்தல்

மறுநாள் காலை எட்டு மணிக்கு வார்டுக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதத்தில் அந்த வார்டின் டிரெஸ்ஸிங் ரவுண்டை நான் முழுதாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நகம் வெட்டியிருந்தார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். ஃபோர்செப்ஸை இருபது நிமிடம் கொதிக்க வைத்து லோஷன் தட்டில் போட்டார்கள். சூசையம்மாள் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போதெல்லாம் லோஷன் பேசினில் கை முக்கினார். நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட வரிசை மாறாமல் நடந்தது. குறை சொல்ல எதுவுமே இல்லை. அதுதான் குழப்பமாக இருந்தது.

மூன்றாவது கட்டிலில், நோயாளியின் கட்டுத் துணியைப் பிடித்துக்கொள்வதற்காக நானும் பேசினில் கை முக்கினேன். ஒன் இன் ஃபார்ட்டியில் கை வைத்தால் விரல் நுனி கொஞ்சம் எரியும், பிறகு மரத்துப்போகும். எனக்கு எரியவில்லை. குனிந்து மோந்து பார்த்தேன். கார்பாலிக்கின் காட்டமான வாடையே இல்லை.

"சூசையம்மா, இது என்ன லோஷன்?"

"கார்பாலிக்கு. ஒன் இன் பார்ட்டி."

"யாரு கலந்தது?"

"நாந்தான். காலையில நாந்தான தெனமும் கலக்கேன்."

"எப்படிக் கலந்திய?" படபடப்பில் எனக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"நீங்க சொன்ன மாதிரிதான். ஒண்ணுக்கு முப்பத்தொம்பது."

"எதுலருந்து எடுத்திய?"

அவர் அலமாரியைக் காட்டினார். மேல் தட்டில் ஒரு பெரிய நீலப் போத்தல். அதில் இங்கிலீஷில் ஒரு லேபிள். கார்பாலிக் லோஷன், 1-20.

அது சுத்தமான கார்பாலிக் இல்லை. ஏற்கெனவே இருபதுக்கு ஒன்றாகத் தண்ணீர் கலந்தது. அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து முப்பத்தொன்பது பங்கு தண்ணீர் விட்டால், அது எண்ணூறில் ஒன்று. கையை முக்குவதும் ஒன்றுதான், கடல் தண்ணீரில் அலசுவதும் ஒன்றுதான். ஃபோர்செப்ஸ் தட்டிலும் அதே கதை. ஒரு புண்ணின் சீழை நாங்களே கையாலும் ஃபோர்செப்ஸாலும் அடுத்த புண்ணுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம்.

"இதுக்கு முன்னால எப்படிக் கலப்பிய?"

"பாதி மருந்து, பாதித் தண்ணி. ஃபோர்செப்ஸுக்கு அப்பிடியே ஊத்திருவேன், தண்ணியே விட மாட்டேன்" என்றார். பிறகு மெதுவாக, "பழைய பழக்கம் தப்பாக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

பதினைந்து வருடமாக அவர் செய்தது சரி. இருபதில் ஒன்றைப் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டால் நாற்பதில் ஒன்று. அவர் கை உரிந்ததும் அதனால்தான். என் பாடத்தால் அவர் கை தேறியது, நோயாளிகளுக்குப் புண் கெட்டது. நான் அதை ரிப்போர்ட்டில் முன்னேற்றம் என்று எழுதியிருந்தேன்.

மருந்தறைக்கு, கம்பவுண்டர் அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் மருந்து நிறுத்துக்கொண்டே சொன்னார். "சுத்தமான கார்பாலிக்க நான் வார்டுக்கு அனுப்புததில்லம்மா. முன்னால ஒருத்தன் தண்ணின்னு நெனச்சுக் குடிச்சிட்டான். அதுலருந்து நானே இருபதுக்கு ஒண்ணுன்னு கலந்து நீலப் போத்தல்ல ஊத்திருதேன். இது எல்லாத்துக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாது."

"நீங்க கேக்கலியே" என்றார். குத்திக் காட்டும் தொனி இல்லை, இருப்பதைச் சொன்னார்.

நான் படித்த சென்னை ஆஸ்பத்திரியில் வார்டு அலமாரியில் இருப்பது சுத்தமான கார்பாலிக்தான். எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். எண்ணியிருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியே எனக்கு வரவில்லை.

மருந்தறைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பாடம் புத்தகத்தில் இருப்பது. அவர் அதைத்தான் செய்தார். கம்பவுண்டர் செய்தது நல்லதுக்கு. லேபிளும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் சரியாகச் செய்த வேலையில் ஒரு மனிதனின் விரல்கள் போயிருந்தன. இதில் எந்த நூலைப் பிடித்து இழுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பிலிருந்த மற்ற ஆயாக்களின் வார்டுகளில் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வகுப்பில் தலையாட்டிவிட்டு, வார்டில் பழையபடியே கலந்திருக்கிறார்கள். என் பேச்சை நம்பிக் கேட்டவர் ஒருவர்தான்.

5. விசாரணை

அன்று பதினோரு மணிக்குள் சரியான லோஷனை வைத்து எல்லாவற்றையும் மாற்றினோம். பன்னிரண்டு மணிக்கு டாக்டர் அறைக்கு எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். நான், சூசையம்மாள், கம்பவுண்டர்.

தப்பு என்னுடையது என்று முதலிலேயே சொன்னேன். டாக்டர் சூசையம்மாளின் நோட்டை வாங்கிப் பார்த்தார். என் சரிக்குறியையும் பார்த்தார்.

"சிஸ்டர், உங்க பாடம் கரெக்ட். டெக்ஸ்ட் புக்ல இருக்கிறதுதான். போத்தல்ல ஒன் இன் ட்வென்டின்னு லேபிள் இருக்கு. அவங்க அதைப் பார்க்கலை. அவ்வளவுதான்."

"லேபிள் இங்கிலீஷ்ல இருக்கு சார். அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது."

"தெரியலைன்னா கேட்டிருக்கணும்."

முதல் நாள் அவர் வாயை அடைத்தது நான்தான் என்பதை எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் சூசையம்மாள் பேசினார்.

"சிஸ்டரம்மா மேல ஒண்ணும் இல்லய்யா. அவுக சரியாத்தான் சொன்னாவ. நாந்தான் மாத்திக் கலந்துட்டேன். மொத நாளே வாடை இல்லன்னு எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் நான்தான்னு சொன்னா நான் என்ன எழுதுறது?" என்று கேட்டு, எங்களை வெளியே அனுப்பினார்.

வராந்தாவில் நான் சூசையம்மாளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அப்படிச் சொன்னிய? வேலையிலருந்து எடுத்துருவாங்க. தெரியாதா?"

"உங்கள அனுப்பிட்டா இந்த வகுப்ப யாரு எடுப்பா? நின்னு போவும். பதினோரு பேருக்கும் சர்டிபிகேட் இல்ல" என்றார். "அதுவும் போக, வாடை இல்லன்னு எனக்குத் தெரிஞ்சது நெசந்தான். அது பொய்யில்ல."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கையி நல்லாயிட்டு வந்துச்சு. அதுவும் ஒரு காரணம். புத்தகத்துக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியப்போவுதுன்னும் நெனச்சேன். ரெண்டுல எது முன்னால வந்துச்சுன்னு எனக்கே சொல்லத் தெரியல."

சாயங்காலம் உத்தரவு வந்தது. சூசையம்மாளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. வார்டிலிருந்து துணி அறைக்கு மாற்றினார்கள். அந்த வருடப் பரீட்சை எழுதக்கூடாது என்றார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். எனக்குக் கடிதம், அவருக்குத் தண்டனை. இது நியாயமில்லை என்று இரண்டு முறை டாக்டரிடம் போனேன். வகுப்பு நடக்க வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு வகுப்புக்குப் போனால், சூசையம்மாள் வழக்கம்போல முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பரீட்சை இல்லையே என்றேன். "பாடம் கேக்கக் கூடாதுன்னு சொல்லலியே" என்றார். நடந்ததையெல்லாம் அன்று வகுப்பில் எல்லோர் முன்பும் நானே சொன்னேன். அடுத்த தடவை வகுப்பு நடந்தபோது அவர் பரீட்சை எழுதித் தேறினார்.

வார்டில் புண்கள் ஒவ்வொன்றாக ஆறத் தொடங்கின.

6. செசிலி கேட்டது

மிக்கேல் வீட்டுக்குப் போகிற நாளில் நான் அவர் கட்டிலுக்குப் போனேன். மூன்று விரல் கையில் கட்டு இருந்தது. செசிலி துணி மூட்டையோடு பக்கத்தில் நின்றார். அவரை மறுபடி உள்ளே விட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது, ஆனால் ஏன் விட்டோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நடந்ததைச் சொன்னேன். லோஷன் பலமில்லாமல் போனது, அது என் பாடத்தில் வந்த பிழை என்றேன். லோஷன் சரியாக இருந்தாலும் நசுங்கிய விரல்கள் பிழைத்திருக்குமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

மிக்கேல் கேட்டுவிட்டு, "முந்தாநாளு சூசையக்கா வந்துச்சு. எம்மேலதான் தப்புன்னு சொல்லி அழுதுச்சு. இப்பம் நீங்க வந்து எம்மேலங்கிய. நான் யாரத்தான் ஏச?" என்றார்.

"என்னை ஏசுங்க."

அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "ஏசத் தோணல. தோணலியேன்னுதான் எரிச்சலா இருக்கு."

செசிலி மூட்டையைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தோணுது. என்னய வாசல்ல நிப்பாட்டி, எண்ணெய்ய ஊத்திப் புருசன் கையக் கெடுத்தவன்னு பேசுனியள்ல. எங்க தெரு முழுக்க அதத்தான் பேசுதாவ. இவுக அம்மைகூட எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல. நீங்க இங்கன வந்து எங்கிட்டச் சொன்னா போதுமா? அங்கன வந்து சொல்லுங்க."

நான் வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிற நேரத்துக்கு அவர்கள் தெருவுக்குப் போனேன். கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு. பெண்கள் இருபது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். மிக்கேலின் அம்மா வீட்டு வாசலில் நின்றார். வகுப்பில் நிற்பதுபோல நின்று ஆரம்பித்தேன். மிக்கேலின் கை செசிலியின் எண்ணெயால் கெடவில்லை என்றேன்.

உடனே ஒருத்தி கேட்டாள். "அப்பம் புண்ணுல எண்ணெய் தடவலாமா, சிஸ்டரம்மா?"

"கூடாது. புண்ணுல எதையும் தடவக் கூடாது."

"எண்ணெய்யில தப்பில்லங்கிய. தடவவும் கூடாதுங்கிய."

இரண்டும் உண்மை. எதை முதலில் விளக்குவது என்று தெரியாமல் லோஷனுக்குப் போனேன். இருபதில் ஒன்று, நாற்பதில் ஒன்று, எண்ணூறில் ஒன்று என்று சொன்னேன். கையை விரித்துப் பங்கு காட்டினேன். தெருவில் உட்கார்ந்து மணலில் எழுதியும் காட்டினேன். கால் மணி நேரம் ஆனது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிக்கேலின் அம்மா, "ஆஸ்பத்திரிக்காரவுக என்னமோ மழுப்புதாவ" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. செசிலிக்கு நல்லது செய்ய வந்து, இன்னும் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

செசிலி கூட்டத்துக்குள் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்த்துத்தான் பேசினார்.

"பால்ல ஏற்கெனவே தண்ணி ஊத்தித்தான் வச்சிருந்திருக்கு. அது தெரியாம அதுல திரும்பியும் தண்ணிய ஊத்திட்டாவ. அம்புட்டுத்தான்."

"அடப் பாவமே, அதா" என்றார் கிழவி.

தெருவே புரிந்துகொண்டது. "பாலுன்னு நெனச்சு வெறுந்தண்ணியக் குடுத்துருக்காவ" என்று ஒருத்தி பின்னால் நின்றவளுக்கு விளக்கினாள். மிக்கேலின் அம்மா உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து எனக்குப் போட்டார். பிறகு செசிலியின் பக்கம் திரும்பி, "உள்ள வந்து அடுப்பப் பாரு" என்றார். அந்தக் குரலில் பெரிய அன்பு ஒன்றும் இல்லை. ஆனால் பல நாளைக்குப் பிறகு அவர் மருமகளிடம் பேசிய முதல் பேச்சு அது என்று செசிலி பிறகு சொன்னார்.

மிக்கேல் சில மாதங்களில் தோணிக்குத் திரும்பினார். பழைய வேலை முடியவில்லை, சுக்கான் பக்கம் இருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

நான் அதன் பிறகு முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கற்பித்தேன். வேலை பார்க்கிறவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது முதல் வாரம் கரும்பலகையைத் தொடமாட்டேன். அவரவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய் நின்று, என்ன இருக்கிறது, எப்படிச் செய்கிறார்கள் என்று எழுதிக்கொள்வேன். அதை வீண் வாரம் என்று சொன்ன அதிகாரிகள் உண்டு. ஒரு கை பதினைந்து வருடமாக ஒரு வேலையை ஒரு விதமாகச் செய்கிறது என்றால், அதை மாற்றச் சொல்லும் முன் அது ஏன் அப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் அதிகமில்லை.

லோஷன் பாடத்துக்கு என் குறிப்பேட்டில் பழைய கணக்கையெல்லாம் அடித்துவிட்டு, செசிலி தெருவில் சொன்ன அந்தப் பால் கணக்கை எழுதி வைத்தேன். ஓய்வு பெறும்வரை அதை வைத்தே நடத்தினேன். ஒரு வகுப்பிலும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்ததில்லை.